தலையணை தின்ற முடி

மகனுக்கு,

நீ கூரியரில் அனுப்பிய அம்மாவின் படம் வந்து சேர்ந்தது. கண்ணாடி உடையவில்லை. சட்டமும் நல்ல சட்டம்தான். ஆண்டுத் திவசத்துக்குச் சாமி அறையில் மாட்ட வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தாய். பிரித்து மேசையில் நிமிர்த்தி வைத்து ஒரு பத்து நிமிடம் பார்த்தேன். பிறகு வந்த தாளிலேயே மறுபடி சுற்றி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். அந்தப் படத்தில் இருக்கிற முடி உன் அம்மாவுடையது இல்லை. ஸ்டூடியோக்காரனிடம் சொல்லி நெற்றிக்கு மேலேயும் காதுக்குப் பின்னாலேயும் முடியைக் கூட்டிப் போடச் சொல்லியிருக்கிறாய். அவனும் கஞ்சத்தனம் பார்க்காமல் அள்ளிப் போட்டிருக்கிறான். படுக்கையில் கிடந்தபோது அவள் தலையில் ஒரு பூ வைக்க வராதவன், செத்த பிறகு சவுரி வைத்துவிட்டிருக்கிறாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. என்னால்தான் அதை மாட்ட முடியாது.

இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன். உன் அம்மா முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் உட்கார்ந்து ஊரார் கடிதங்களுக்கெல்லாம் முத்திரை குத்தினாள். பெற்ற பிள்ளையின் கையெழுத்தில் ஒரு கடிதம் அவளுக்கு வந்ததில்லை. எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. நானும் அவளுக்கு எழுதியதில்லை, பக்கத்திலேயே இருந்ததால் தேவைப்படவில்லை. இந்த வீட்டிலிருந்து போகிற முதல் கடிதம் இதுதான். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த வீட்டில் நீ, அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்த பாக்கியத்தைத் திட்டினாயே, அது அநியாயம். அம்மாவின் தலையில் முடி போனதற்கு அவள் காரணம் இல்லை. முக்கால்வாசி நான், மீதி நீ. திவசத்துக்கு வருவதற்கு முன் நீ செய்ய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இடையில் எழுதியிருப்பதைத் தாண்டிப் போகாமல் படி.

அன்றைக்கு நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்தாய். குளிப்பாட்டுவதற்காக அம்மாவைப் பின்பக்கம் மர வாங்கில் கிடத்தியிருந்தார்கள். பிள்ளைகள்தான் முதலில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நீ ஒரே பிள்ளை. கொழும்பிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை வாங்கி உச்சியில் வைத்தாய். அங்கே முடி இருந்தது. "நல்லா பின்னுக்கு வரைக்கும் தேய்ப்பா, பெத்தவ தலை" என்று யாரோ ஒருத்தி சொன்னாள். நீ கையைப் பின்னால் கொண்டுபோனாய். இடது காதுக்குப் பின்னாலிருந்து பிடரி வரைக்கும், உன் கையை விரித்து வைத்தால் மறைகிற அளவு இடத்தில், ஒரு முடி இல்லை. வெறும் தோல். உன் கை அங்கே வழுக்கியது. நீ அதை வெடுக்கென்று எடுத்ததை நான் பார்த்தேன். எடுத்த கையை வேட்டியில் துடைத்ததையும் பார்த்தேன்.

நேரே முற்றத்துக்கு வந்தாய். பாக்கியம் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்தாள், அழுத முகம். "எங்கம்மாவ கட்டிலில போட்டுட்டு டீவி பாத்துக்கிட்டு இருந்தியா? ஒரு நாளாவது திருப்பிப் படுக்க வச்சியா? தலை வழுக்கையா போற வரைக்கும் என்ன செஞ்சிக்கிட்டு இருந்த?" என்று கத்தினாய். பந்தல் போட வந்தவர்கள் கேட்டார்கள். வாசல் கேட்டில் நின்றவர்கள் கேட்டார்கள். தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்திருந்த அவளுடைய சொந்தக்காரர்களும் கேட்டார்கள். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பந்தலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஐயா" என்று ஒரு தரம் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீரை ஊற்றி, உன் அம்மாவைக் குளிப்பாட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அன்று சுடலையில் நீ செய்ததையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதை எண்ணி நான் மாதக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். கொள்ளி வைக்கிறவன் மொட்டை போட வேண்டும். கத்தியோடு வந்தவனிடம் நீ, "முழுசா எடுக்கணுமா? வியாழக்கிழம ஒபிஸ்ல பெரிய ஆளுங்க வர்றாங்க" என்றாய். அவன் காலத்தைப் புரிந்துகொண்ட மனிதன். உச்சியில் ஒரு கத்தை முடியை நறுக்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா தலையில் ஒரு கை அகலத்துக்கு முடி இல்லை என்று ஊரைக் கூட்டிக் கத்திய பிள்ளை, அவளுக்காகக் கொடுத்த முடி அவ்வளவுதான். வியாழக்கிழமை எப்படிப் போனது? நான் கேட்கவே இல்லை. நல்லபடியாகப் போயிருக்கும்.

இப்போது நடந்ததைக் கேள். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தபோது வலது பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று என்று உனக்குத் தெரியும். மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து முன்னறையில் ஜன்னலோரம் படுக்க வைத்தோம். யாழ்ப்பாண வீதியில் போகிற பஸ்ஸெல்லாம் அவளுக்குத் தெரியும். பலாபத்வலை ஹோல்ட்டில் பஸ் நின்றால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள். இரண்டு மாதத்தில் நான் அவளைப் பின்னறைக்கு மாற்றினேன். தூசி, சத்தம், டொக்டர் சொன்னார் என்று உனக்குச் சொன்னேன். டொக்டர் ஒன்றும் சொல்லவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான், எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னொன்று, பேசாமல் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது வருடம் நான் பேசாமல் இருந்தேன், அவள் பேசினாள். அது தலைகீழாக மாறியபோது என்னால் தாங்க முடியவில்லை. பின்னறையில் கட்டிலை வலது சுவரோடு ஒட்டிப் போட்டேன். கதவு இடது பக்கம், தலைமாட்டுக்குச் சற்றுப் பின்னால். யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால் அவள் தலையை இடது பக்கம் முழுக்கத் திருப்பித் தலையணையில் அழுத்தி மேலே தூக்க வேண்டும். கட்டிலை அப்படிப் போட்டது நான். இதை நினைவில் வைத்துக்கொள்.

பாக்கியம் அவளை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டாள். பதினான்கு மாதத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை. நீ தலையைத் தடவிப் பார்த்தாய், முதுகைப் பார்க்கவில்லை. ஒரு தரம் பார்த்திருந்தால் வாயை மூடியிருப்பாய். இது உனக்கு ஒரு புத்திமதியாகவும் இருக்கட்டும்: படுக்கையில் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போனால் முகத்தைப் பார்த்துவிட்டு வராதே. முகத்தை யாரும் ஒரு நிமிடத்தில் அழகாக்கிக் காட்டலாம், நான் ஒவ்வொரு ஞாயிறும் உனக்கு அப்படித்தான் காட்டினேன். புரட்டிப் பார். பின்பக்கத்தைப் பார். பார்க்கத் துணிவில்லை என்றால் போகாதே.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. விழுங்காவிட்டால் மூக்கால் குழாய் போட வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அன்று நீ போன் செய்து, "சனிக்கிழம கட்டாயம் வர்றேன்ப்பா" என்றாய். நான் கஞ்சிக் கோப்பையோடு போய், "மகன் வர்றான்" என்றேன். அவள் தலையைக் கதவுப் பக்கம் திருப்பினாள், உன்னைக் கூப்பிடப் போகிறவளாக வாயைத் திறந்தாள். நான் கரண்டியை வைத்தேன். விழுங்கினாள். மறுபடி "மகன் வர்றான்" என்றேன். மறுபடி திரும்பினாள், வாய் திறந்தது. அன்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பெரிய வித்தையைக் கண்டுபிடித்தவனாகப் பாக்கியத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். சனிக்கிழமை நீ வரவில்லை. ஆனால் அந்தச் சொல் வீட்டில் தங்கிவிட்டது. காலையில், மத்தியானத்தில், சாயந்தரத்தில். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு இருபது தரம் சொல்வேன். இருபது தரமும் அவள் திரும்பினாள். நாய்க்குட்டிகூட நாலு நாளில் ஏமாற்றைப் புரிந்துகொள்ளும். உன் அம்மா ஒரு வருடமாகியும் புரிந்துகொள்ளவில்லை, அல்லது புரிந்தும் திரும்பினாள். எது என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எது இலேசு என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், இரண்டுமே இலேசு இல்லை.

முடி ஒரே நாளில் கொட்டவில்லை. முதலில் நடுவில் அறுந்தது. தலையணையில் விரல் நீளத் துண்டுகள் கிடக்கும். பிறகு நக நீளத் துண்டுகள். அந்த இடம் சவரம் செய்து மூன்று நாளான தாடையைப் போலச் சொரசொரப்பாக இருந்தது. பிறகு சொரசொரப்பும் போய் மினுமினுப்பு வந்தது. பின்னறைக்கு மாற்றிய முதல் மாதத்திலேயே பாக்கியம் எனக்குக் காட்டினாள். "ஐயா, சும்மா கெடந்தா பின்னாடி நடுவுலதான் தேயும். நம்ம அம்மாவுக்கு ஒரு பக்கமா தேயுது பாருங்க. தலைய திருப்பித் திருப்பி தேயுது. நூல் துணி முடிய புடிச்சிக்கிது ஐயா. தலை அந்தப் பக்கம் போகுது, முடி இந்தப் பக்கமே நிக்கிது. அறுந்துதானே போகும்?" என்றாள். "அப்ப என்ன செய்யச் சொல்ற?" என்று கேட்டேன். இரண்டு காரியம் சொன்னாள். ஒன்று, "மகன் வர்றாருன்னு சொல்லாதீங்க. வேற எதையாவது சொல்லி ஊட்டுவோம். நேரம் போனாலும் பரவால்ல, நான் இருக்கேன்." இரண்டாவது, "ஒரு பட்டுத் துணி குடுங்க. தலகாணிக்கு மேல போட்டா முடி சிக்காம வழுக்கிக்கிட்டு போகும்."

முதலாவதை நான் கேட்கவில்லை, எனக்குப் பொறுமை இல்லை. ஒரு கோப்பைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாது. உன் பெயரைச் சொன்னால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவதுக்குப் பட்டு வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பட்டு அம்மாவின் கல்யாணக் கூறைச் சேலை.

அந்தச் சேலைக்கு ஒரு கதை இருக்கிறது, உனக்குச் சொன்னதில்லை. உன்னைப் பெற்று மூன்று மாதத்தில் அவள் வேலைக்குப் போனாள். உன்னையும் தூக்கிக்கொண்டு போய்க் கந்தோரில் பின்னால் பாயில் போட்டுவிட்டுத்தான் முத்திரை குத்துவாள். நீ மல்லாந்து கிடந்து, அவள் குரல் கேட்கிற பக்கமெல்லாம் தலையை ஆட்டுவாய். பின்தலையில் முடி வட்டமாகத் தேய்ந்து போயிற்று. கைக்குழந்தைகளுக்கு அது நடக்கிறதுதான். ஆனால் தபால் வாங்க வந்த பெண்கள், "என்ன, புள்ளைய தூக்குறதே இல்லையா?" என்று கேட்டார்கள். நானும் கேட்டேன். வீட்டுக்கு வந்த கையோடு அதே கேள்வியை நானும் கேட்டேன், கொஞ்சம் கூடுதலாகவே கேட்டேன். அவள் பெட்டியைத் திறந்து கூறைச் சேலையின் முந்தானையில் ஒரு முழத்தைக் கத்தரித்து உன் சின்னத் தலையணைக்கு உறை தைத்தாள். நான் ஆடிப்போய்விட்டேன். கூறையை வெட்டுவதா என்று சத்தம் போட்டேன். "பேசாம இருங்க. அத நான் ஒரு நாள் கட்டியாச்சி. புள்ளைக்கு தலை தெனம் வேணும்" என்றாள். இரண்டு மாதத்தில் உன் முடி வளர்ந்துவிட்டது. இன்றைக்கு நீ ஜெல் போட்டு நிமிர்த்தி வைத்திருக்கிறாயே, அதே முடிதான்.

பாக்கியம் பட்டுக் கேட்ட அன்று அலுமாரியைத் திறந்து அவளே அந்தச் சேலையைக் கையில் எடுத்துவிட்டாள். "இதுல ஏற்கனவே வெட்டித்தானே இருக்கு ஐயா. இன்னும் ஒரு முழம் எடுத்தா என்ன?" என்றாள். நான் அதைப் பிடுங்கினேன். கட்டிலிலிருந்து அம்மா ஒரு சத்தம் போட்டாள், இடது கையை நீட்டினாள். "பாத்தியா, வெட்ட வேணாங்கிறா" என்று நான் பாக்கியத்துக்குச் சொன்னேன். எனக்குச் சாதகமான அர்த்தத்தை நான் எடுத்துக்கொண்டேன். தன் பிள்ளையின் தலைக்கு அதே துணியை அதே காரணத்துக்கு வெட்டியவள் வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள்? அது அந்தக் கணமே எனக்குத் தெரியும். சுமங்கலியாகப் போனால் கூறை கட்டித்தான் அனுப்ப வேண்டும், அதை இன்னும் வெட்டினால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. உயிரோடு இருக்கிறவளின் தலையைவிட எரிக்கப் போகிறவளின் சேலை எனக்குப் பெரிதாக இருந்தது. கட்டித்தான் அனுப்பினேன். நீதான் நெருப்பு வைத்தாய். நல்ல பட்டு, சீக்கிரம் பிடித்தது.

முடியைக் கட்டையாக வெட்டிவிடலாம், சிக்கு விழாது, அம்மாவுக்கும் இதமாக இருக்கும் என்று பாக்கியம் பிறகு கேட்டாள். அதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நீ வீடியோ கோல் எடுப்பாய், முடி இல்லாமல் அவளைக் காட்டினால் கேள்வி வரும். அதனால் முன்பக்க முடியை நீளமாக வைத்துச் சீவி, பொட்டு வைத்து, அவள் மேலாக எட்டிப் போனைச் சுவரோரம் வலது பக்கத்திலிருந்தே பிடித்தேன். நீ ஒரு தரமாவது, "அப்பா, போனை அந்தப் பக்கம் கொண்டு போங்க" என்று சொன்னாயா? மூன்று நிமிடம் பார்ப்பாய். "அம்மா நல்லா இருக்காங்களே" என்பாய். "அடுத்த மாசம் வர்றேம்மா" என்பாய். உன் குரல் போனில் வலது பக்கத்திலிருந்து வரும், அவள் தலையை இடது பக்கம் கதவுக்குத் திருப்புவாள். நான் தாடையைப் பிடித்துப் போனுக்குத் திருப்பி விடுவேன். திரையில் நீ பார்த்த கை என்னுடையது. பாசத்தில் கன்னத்தைத் தடவுகிறேன் என்று நினைத்திருப்பாய்.

ஒரு ஞாயிறு அவள் கஞ்சியை என் சட்டையில் துப்பிவிட்டாள். பத்தே முக்கால் மணி. பாக்கியம் அன்று வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலுக்கு அம்மாவுக்காக மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தாள். நான் சீப்பை எடுத்து உச்சியிலிருந்து ஒரே இழுவையாக இழுத்தேன். சிக்கில் மாட்டியது. வேரில் கையால் பிடித்துக்கொண்டு அடி நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுக்க வேண்டும் என்று பாக்கியம் எனக்குப் பலதரம் காட்டியிருந்தாள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. தெரிந்துதான் இழுத்தேன். இன்னொரு தரமும் இழுத்தேன். சீப்பில் ஒரு கத்தையும் அதன் நுனியில் ஒரு துளி இரத்தமும் வந்தன. அவள் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போது உன் போன் அடித்தது. கையை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்தாள். நீ கல்யாணம் செய்யப் போகிறவன், கட்டப் போகிறவளுக்கும் ஒரு நாள் தலை சீவிவிட வேண்டி வரலாம். கோபமாக இருக்கும்போது சீப்பைத் தொடாதே. உனக்கும் என் கைதான் வாய்த்திருக்கிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். உன்மேல் இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை. போன வருடம் பொசன் பௌர்ணமி லீவில், பக்கத்து வீட்டு முஸ்லிம் நானா லொறியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு போய்விட்டு வந்து வேலியடியில் நின்று கேட்டார். "ஓங்கட மகன நேத்து தம்புள்ளையில கண்டேன். கூட்டாளிமாரோட வேன்ல. சோளம் தின்னுக்கிட்டு நின்டாரு. வீட்டுக்கும் வந்துட்டுப் போனாரா?" என்றார். "வந்தான்" என்றேன். தம்புள்ளையிலிருந்து பலாபத்வலைக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்கூடப் பிடிக்காது. கனடாவில் இருக்கிறவன் வராவிட்டால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. நீ சோளம் தின்றுவிட்டுத் திருகோணமலைக்குக் கடலில் குளிக்கப் போனாய். அன்று மத்தியானம் நான் கஞ்சியோடு உள்ளே போனேன். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "தம்புள்ளைக்கு வந்துட்டான்" என்று சொன்னேன். பதினான்கு மாதத்தில் நான் அவளுக்குச் சொன்ன ஒரே உண்மை அது. கோப்பை முழுவதும் குடித்தாள். குடித்துவிட்டுத் தலையைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டாள், திரும்பவே இல்லை. சாயந்தரம் வரைக்கும் அப்படியே. கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. பாக்கியம்தான் எண்ணெய் தடவி, இரண்டு கையாலும் பிடித்து, "போதும்மா, போதும்மா" என்று சொல்லிச் சொல்லித் தலையைத் திருப்பி வைத்தாள். அந்த வாரத்தில்தான் அந்த இடத்தில் கடைசி முடியும் போயிற்று.

அந்தப் பாக்கியத்தைத்தான் நீ கேட்டாய், என்ன செஞ்சிக்கிட்டு இருந்த என்று. டவுனில் ஒரு வீட்டில் வயதான ஐயாவைப் பார்த்துக்கொள்ள அவளைக் கேட்டு வைத்திருந்தார்கள். கதை அங்கே போய்ச் சேர்ந்தது, வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொரு வீட்டிலும் அப்படித்தான். "அந்தத் தபாலம்மாவ தலை தேய தேய போட்டு வச்சிருந்தவ" என்பதுதான் இப்போது அவளுடைய அடையாளம். விடிந்ததும் தம்புள்ளைக்கு பஸ் ஏறிப் போய் மார்க்கெட்டில் லீக்ஸ் வேர் வெட்டுகிறாள். போன கிழமை ஹோல்ட்டில் கண்டேன். எழுந்து நின்றாள், அந்த மரியாதையை இன்னும் விடவில்லை. "மகனுக்கு எல்லாத்தையும் எழுதப் போறேன் பாக்கியம்" என்றேன். "எழுதி என்ன ஐயா? கடதாசி அவருக்கு மட்டுந்தான் கேக்கும். அன்னைக்கு முத்தத்துல நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எல்லாருக்கும் கேட்டிருக்கும்" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி, "அம்மாவுக்கு அந்தக் கதவு எங்கன்னு எப்பவும் தெரியும் ஐயா, நீங்க கட்டில எந்தப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தாலும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, குத்துவதற்காகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இப்போது காரியம். திவசத்துக்கு முதல் நாள் நீ வர வேண்டும். வந்து என் கூட லயத்துக்கு நடந்து வர வேண்டும், வேன் அங்கே போகாது. அவளை அவளுடைய ஆட்கள் முன்னால் திவசத்துக்கு அழைக்க வேண்டும். மறுநாள் அதே முற்றத்தில், ஐயர் வருவதற்கு முன்னால், அன்று எவ்வளவு சத்தமாகக் கத்தினாயோ அவ்வளவு சத்தமாக அவள் மேல் பிழை இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் பேசுவேன். கட்டிலை எங்கே போட்டேன், கூறையை ஏன் கொடுக்கவில்லை, சீப்பை எப்படிப் பிடித்தேன், கஞ்சியை என்ன சொல்லி ஊட்டினேன், எல்லாவற்றையும் சொல்வேன். உன் வருங்கால மாமனார் வீட்டார் வந்திருப்பார்களே என்று யோசிப்பாய். வரட்டும், நல்லது, எந்த வீட்டில் பெண் கொடுக்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியட்டும். அவள் நம் அழைப்பை ஏற்று வராமலும் போகலாம். வராவிட்டாலும் சொல்ல வேண்டும். இதெல்லாம் முடியாது என்றால் நீ வராதே. ஐயருக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கு வராமல் இருப்பது பழக்கம்தானே.

இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிற பார்சலில் அம்மாவின் தலையணை உறையும் இருக்கிறது. துவைக்கவில்லை. இடது பக்கத்தில் துணி சல்லடையாகப் போய் ஒரு கிழிசல் இருப்பதைப் பார்ப்பாய். முடி மட்டும் தேயவில்லை, முடியைத் தேய்த்த துணியும் தேய்ந்துவிட்டது. கிழிசலைச் சுற்றிக் குட்டி முடித் துண்டுகள் நூலில் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும், உதறிவிடாதே. படம் செய்ய ஸ்டூடியோக்காரனுக்கு முடி வேண்டுமென்றால் அதைக் கொடு, அது அவளுடையது.

எனக்கும் இப்போதெல்லாம் காலையில் இடது கால் சொன்னபடி கேட்பதில்லை. நானும் ஒரு நாள் விழுவேன். என் தலை உனக்குத் தெரியும், நாற்பது வயதிலேயே வழுக்கை. தேய்ந்து போக அங்கே ஒன்றும் இல்லை. என்னை எப்படிப் போட்டு வைத்திருந்தார்கள் என்று எண்ணெய் வைக்கும்போது தடவிப் பார்த்து உன்னால் கண்டுபிடிக்க முடியாது, அந்தச் சங்கடம் உனக்கு இருக்காது. என்னை எந்த அறையில் வேண்டுமானாலும் போடு. சுவரைப் பார்க்கப் போட்டாலும் கேட்க மாட்டேன். ஒன்று மட்டும். எனக்குக் கஞ்சி ஊட்டப் போகிறவர் யாராக இருந்தாலும், "மகன் வர்றான்" என்று சொல்லி ஊட்ட வேண்டாம் என்று சொல்லி வை. அது பொய் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. இருந்தாலும் சொன்னால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

அப்பா